சர்க்கரைக்கு வந்தவர்கள் வாயைத் திறக்கவும்

துரைசாமி வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் வாசலில் நின்று வாயை ஊதிக் காட்ட வேண்டும். அந்த வருஷம் ஆனி மாதத்திலிருந்து அந்த வீட்டில் அதுதான் சட்டம். கோமதி கதவைப் பாதி திறந்து, நிலைக்கு உட்புறமாக நின்றபடியே முகத்தை முன்னால் நீட்டுவாள். அவர் கிரீஸ் கறை படிந்த காக்கிச் சட்டையோடு, நனைந்த குடையை மடக்கக்கூட நேரமில்லாமல், 'ஹா' என்பார். அவள் கண்ணை மூடி மோந்து பார்ப்பாள். பிறகு முழுக் கதவும் திறக்கும், அல்லது திறக்காது.

எங்கள் வீடு எதிர்வீடு. கல்கத்தாவில், கிடர்பூர் துறைமுகக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இரண்டே கதவுகள். ஒன்றைத் திறந்தால் மற்றதில் நடப்பது தானாகக் காதில் விழும். விழாததை என் மனைவி வசுமதி போய்க் கேட்டுக்கொண்டு வந்துவிடுவாள். ஆகவே இதில் நான் பார்த்தது பாதி, வசுமதி சொன்னது பாதி.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். துரைசாமி கிடர்பூர் டாக்கில் கிரேன் ஓட்டுகிறவர். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை கண், ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்து 'ஃபிட்' என்று எழுதினால்தான் ஏணியில் கால் வைக்கலாம். தொண்ணூற்றெட்டாம் வருஷத்து மெடிக்கலில் அவருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. ஆவணி முடியும்போது வருகிற விஸ்வகர்மா பூஜைக்கு முன்னால் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும், அதுவரை பகல் ஷிஃப்டு மட்டும், அப்போதும் இறங்கவில்லையென்றால் கிரேனை விட்டுக் கீழே ஷெட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஷெட்டில் மூட்டை எண்ணுகிற வேலை. சம்பளத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் துரைசாமி அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

அவர் கிரேன் ஓட்டுவதை நான் வேலை பார்க்கும் துறைமுக டிராஃபிக் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பல வருஷம் பார்த்திருக்கிறேன். பர்மாவிலிருந்து தேக்குத் தடி வரும். மழைத் தண்ணீரில் ஊறி, கருத்து, வழுவழுவென்றிருக்கும். கப்பலின் வயிற்றுக்குள்ளிருந்து அதைத் தூக்கி, காற்றில் ஆட்டம் அடங்கும்வரை நிறுத்தி, லாரித் தட்டில் இறக்குவார். முன்னால் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருக்கும் லாரிக்காரன் திரும்பிப் பார்க்கமாட்டான். வைத்தது தெரிந்தால்தானே திரும்புவதற்கு. கீழே நின்று கை காட்டுகிறவன் யூசுஃப், பக்கத்து மட்டியாபுருஜ்காரன். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு வார்த்தை கிடையாது. விரலைச் சுழற்றினால் ஏற்று, உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கு, முஷ்டி என்றால் நில். பேசுவதற்கு வாயும் ஒழிந்திராது. கிரேன்காரர்கள் எல்லாருக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஏணி ஏறும் முன் ஜர்தாப் புகையிலை போட்ட வெற்றிலைச் சுருளை இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். மேலே போனால் டீக்கு இறங்க முடியாது, தூக்கம் வந்தால் நடக்க முடியாது. அந்தச் சுருள்தான் டீ, அதுதான் துணை. சாறு சேர்ந்தால் துப்ப ஒரு தகர டப்பா.

சர்க்கரை என்று கேட்ட நாளே கோமதி சமையலறையைத் தலைகீழாக்கிவிட்டாள். வெள்ளிக்கிழமைச் சொதியும் சோறும் நின்றன. காலையில் ஊற வைத்த வெந்தயம். மத்தியானத்துக்கு வறட்டுச் சப்பாத்தியும் பாகற்காயும். வங்காளிகள் 'உச்சே' என்று சொல்கிற சின்னப் பாகற்காயைக் கூடை கூடையாக வாங்கினாள். வாடை எங்கள் வீடுவரை வந்தது. ராத்திரிக்குக் கொள்ளுக் கஞ்சி. அடுத்த மாதம் டிஸ்பென்சரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை இறங்குவதற்குப் பதிலாக ஏறியிருந்தது.

கோமதிக்குச் சந்தேகமே இல்லை. ஊர் கல்கத்தா. தெருமுனைக்குத் தெருமுனை மிட்டாய்க் கடை. வீட்டில் இத்தனை காபந்து பண்ணியும் ஏறுகிறது என்றால் மனுஷன் வெளியே தின்கிறார். மகள் மேக்னாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பாபு பஜார் மிட்டாய்க் கடைக்கே போனாள். மேக்னா கல்லூரியில் படிக்கிற பெண். அம்மாவின் தமிழைவிட அவளுக்கு வங்காளிதான் நன்றாக வரும். காக்கிச் சட்டை போட்ட தமிழர் ஒருவர், மீசை இப்படி, உயரம் இப்படி, அவருக்கு இனிமேல் எதுவும் விற்கக்கூடாது என்று சொல்லச் சொன்னாள். கடைக்காரர் யோசித்துப் பார்த்துவிட்டு, அப்படி ஒருவர் இந்தக் கடைக்கு வந்ததே இல்லையே, வந்தால்தானே விற்கமாட்டேன் என்று சொல்ல முடியும் என்றாராம். மேக்னா இதை அப்படியே சொன்னாள். கோமதி, அப்படியானால் வேறு கடை என்று முடிவு கட்டினாள்.

அதற்குப் பிறகுதான் வாயை ஊதிக் காட்டும் சட்டம் வந்தது.

ஒரு நாள் சாயங்காலம் மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. கீழே குடியிருப்பு வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். துரைசாமி பேன்ட்டை மடக்கிவிட்டுக்கொண்டு படியேறி வந்தார். நான் குடையை உலர்த்தக் கதவைத் திறந்தேன். நின்றுவிட்டேன்.

"ஊதுங்க" என்றாள் கோமதி.

அவர் ஊதினார்.

"இன்னொரு தரம்."

"ஏட்டி, அண்ணாச்சி பாத்துக்கிட்டு நிக்காவ."

"பாக்கட்டும். அவியளுந்தான் தெரிஞ்சுக்கிடட்டும். ஊதுங்க."

இன்னொரு தரம் ஊதினார். கோமதி மூக்கைச் சுருக்கினாள்.

"மேல ஜர்தா வாசம். அதுக்கு அடியில ஒண்ணு இருக்கு. புளிச்சுப்போன இனிப்பு வாசம். மிஷ்டி தொய்தான? சட்டித் தயிர் தின்னுட்டு மேல வெத்தலையப் போட்டு மூடிட்டு வாரிய. எத்தன நாளா நடக்குது இது?"

மிஷ்டி தொய் என்பது இங்கே மண்சட்டியில் உறைய வைத்து விற்கிற சிவப்பு இனிப்புத் தயிர். துரைசாமி அதைத் தொட்டு வருஷக் கணக்காயிற்று என்று எனக்குத் தெரியும். ஆபீஸ் விருந்துகளில் அவருடைய சட்டியை என் பக்கம்தான் தள்ளுவார். சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆமா. தின்னேன். இப்ப அதுக்கு என்ன?"

கோமதிக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவள் முகத்தில் வந்தது கோபமில்லை. கணக்குப் போட்டு விடை சரியாக வந்த பிள்ளையின் முகம். கதவை முழுக்கத் திறந்து, "வாங்க, வெந்நி போட்டிருக்கேன்" என்றாள்.

மறுநாள் கான்டீனில் துரைசாமி என் எதிரே வந்து உட்கார்ந்தார். கோமதி கட்டிக்கொடுத்த சப்பாத்தியைப் பிய்த்து, டாக் டீயில் முக்கி, ஊற வைத்து, வலது பக்கமாக ஒதுக்கி விழுங்கினார். டாக் டீ எப்படியிருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சர்க்கரைப் பாகில் கொஞ்சம் தேயிலை காட்டியிருப்பார்கள். ஒரு சப்பாத்திக்கு ஒரு கிளாஸ் என்று போயிற்று. ஏன் இப்படி என்று கேட்டேன். ஈறு வீங்கியிருக்கிறது, சீழ் வருகிறது, இரண்டு கடவாய்ப்பல் ஆடுகிறது, மென்றால் உயிர் போகிறது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். கோமதி மோந்தது அந்த வாசனைதான். பிறகு எதற்குத் தயிர் தின்றதாக ஒப்புக்கொண்டீர் என்றேன்.

"தயிருக்குச் சண்டைதான் போடுவா அண்ணாச்சி. பல்லுன்னு சொன்னா டாக்டர்ட்ட இழுத்துட்டுப் போயிருவா. டாக்டர் வாயப் பாத்தா ஏணி போச்சு."

இது டாக்கில் எல்லாக் கிரேன்காரர்களும் நம்புகிற விஷயம். சில வருஷத்துக்கு முன்னால் பரமசிவம் என்று ஒரு டிரைவர் இருந்தார். கன்னத்தில் ஆறாத புண் என்று காட்டப் போனவர் திரும்பக் கிரேன் ஏறவே இல்லை. ஊருக்குப் போய் அடுத்த பொங்கலுக்குள் இறந்துபோனார். அவர் காட்டப் போனது ரொம்பத் தாமதமாக என்பதை யாரும் நினைத்துக்கொள்ளவில்லை. காட்டப் போனார், ஏணி போயிற்று, ஆளும் போனார் என்றுதான் வரிசையாக நினைவு வைத்துக்கொண்டார்கள். அதிலிருந்து மெடிக்கலுக்குப் போகும்போது கையைக் கொடுப்பார்கள், கண்ணைக் காட்டுவார்கள், வாயைத் திறக்கமாட்டார்கள்.

இந்த நிலைமையில்தான் எங்கள் டிஸ்பென்சரிக்கு டாக்டர் மஹுவா சன்யால் வந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, பெரிய பொட்டு, பையில் எப்போதும் ஒரு சின்ன டார்ச். என்ன வியாதி என்று வந்தாலும் சரி, பெரியவர்களாக இருந்தால் ரத்த அழுத்தம் பார்த்த கையோடு வாயைத் திற என்பாள். மரக் குச்சியால் கன்னத்தை ஒதுக்கி, நாக்கைத் தூக்கச் சொல்லி, மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் மருந்து எழுதுவாள். சர்க்கரைக்கும் கொதிப்பிற்கும் வருகிறவர்கள் வாயைத் திறக்கவும் என்று வங்காளியிலும் ஹிந்தியிலும் எழுதிச் சுவரில் ஒட்டியும் வைத்திருந்தாள். பல்லுக்குத் தனி டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாரே என்று கம்பவுண்டர் கேட்டதற்கு, அவரிடம் யார் போகிறார்கள், பல் விழுந்த பிறகு போகிறார்கள், இங்கேதான் மாதா மாதம் வருகிறார்கள் என்றாளாம். நானும் முழங்கால் வலிக்குப் போனேன். வாயைத் திற என்றாள். முழங்கால் கீழே இருக்கிறது என்றேன். தெரியும், அதற்கும் வருகிறேன் என்று டார்ச்சை அடித்தாள். குடியிருப்பு முழுக்க இதே சிரிப்பாக இருந்தது. மாடு வாங்குகிறவள் மாதிரி பல்லைப் பார்க்கிறாள் என்றார்கள். துரைசாமி மட்டும் சிரிக்கவில்லை. மாத்திரைக்கு மேக்னாவை அனுப்பினார்.

ஆடி முடிகிற சமயம் கோமதி அவரைக் கையோடு டிஸ்பென்சரிக்கு அழைத்துக்கொண்டு போனாள். ஒப்புக்கொண்ட தயிரை டாக்டரிடம் சொல்லி, ஒரு பெரிய மனுஷி வாயால் நாலு வார்த்தை கேட்க வைக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். மொழிக்கு மேக்னா. கொதிப்புக்குச் சீட்டு வாங்க நானும் அன்றைக்கு வரிசையில் இருந்தேன். உள்ளே கூப்பிட்டபோது துரைசாமியின் கன்னம் உப்பியிருந்தது. வாசலிலேயே புதுச் சுருள் ஒன்றை அடக்கிக்கொண்டுவிட்டார்.

அந்த அறைக்குக் கதவு கிடையாது, திரைதான். டாக்டர் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தாள், ரத்தச் சீட்டைப் பார்த்தாள். கோமதி தமிழில் முறையிட, மேக்னா பாதியை விழுங்கிப் பாதியை வங்காளியில் சொன்னாள். டாக்டர் மிஷ்டி தொய் என்ற ஒரு வார்த்தைக்கு மட்டும் தலை தூக்கினாள். எவ்வளவு சாப்பிடுவார் என்று கேட்டாள். கோமதிக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்தாயா? இல்லை. பிறகு எப்படித் தெரியும்? வாசனை. என்ன மாதிரி வாசனை? கோமதி விவரமாகச் சொன்னாள், புளிப்பு, அதற்கு அடியில் ஒரு தித்திப்பு, காலையில் அதிகம், சில நாள் தலையணையில்கூட. சொல்லச் சொல்ல டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

வெற்றிலையைத் துப்பிவிட்டு வரச் சொன்னாள். துரைசாமி அசையவில்லை. குவளையில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் குவளையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது மேக்னாதான் பேசினாள், தமிழில்.

"அப்பா, கோபப்படாதீங்க. டாக்டர் தீதி கேக்கறாங்க, இந்த மாதிரி மூடி வச்சா கிரேன் எத்தனை நாள் கிடைக்கும்னு. திறந்து காட்டினா தானே 'ஃபிட்'னு எழுதித் தர்றேன்னு சொல்றாங்க. கிரேனை எடுக்கறதுக்கு இல்ல, குடுக்கறதுக்குத்தான் பாக்கறேன்னு சொல்றாங்க."

டாக்டர் இதில் பாதியைத்தான் சொன்னாள் என்று மேக்னா பின்னால் வசுமதியிடம் ஒப்புக்கொண்டாள். துரைசாமி வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.

டார்ச் வெகுநேரம் எரிந்தது. பிறகு டாக்டர் கோமதியை அருகே கூப்பிட்டுக் காட்டினாள். ஈறு பல்லை விட்டு விலகிச் சிவந்து தொங்க, அமுக்கினால் சீழ். இந்தப் புண் ஆறாமல் சர்க்கரை இறங்காது, சர்க்கரை இறங்காமல் இந்தப் புண் ஆறாது, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போகிறது என்றாள். அதோடு மெல்ல முடியாமல் இனிப்பு டீயில் ஊறப்போட்டுத் தின்பதையும் துரைசாமியே சொல்லிவிட்டார். நீ கண்டுபிடித்த வாசனை சரி, கடையைத்தான் தப்பாகப் பிடித்துவிட்டாய் என்று டாக்டர் சொன்னபோது கோமதிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. டாக்டர் அதற்குள் இடது கன்னத்தைக் குச்சியால் விலக்கியிருந்தாள். சுருள் அடங்குகிற இடத்தில் பால் ஆடை மாதிரி ஒரு வெள்ளைத் தடம். அதைக் கண்டதும் அவள் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி, அதில் ஒரு துணுக்கு எடுத்துப் புற்றா என்று பரிசோதிக்க வேண்டும், பெரும்பாலும் ஒன்றுமிருக்காது, ஆனால் பார்க்காமல் சொல்லமாட்டேன் என்றாள்.

துணுக்கு எடுத்து விடை வருகிறவரை அந்த வீட்டில் சத்தமே இல்லை. பாகற்காய் வாடைகூட வரவில்லை. துரைசாமி பரமசிவத்தைப் பற்றி யாரிடமும் பேசவில்லை, எல்லாரும் அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். வெற்றிலைப் பெட்டியை அவரே கொண்டுபோய்க் குப்பையில் போட்டார். அதற்கடுத்த சில நாள் அவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஆள்மேல் எரிந்து விழுந்தார், கிராம்பையும் சோம்பையும் மாற்றி மாற்றி வாயில் போட்டுக்கொண்டார். கோமதி சாதத்தைக் குழைய வடித்துக் கீரையும் பாசிப்பருப்பும் கரைத்துக் கொடுத்தாள். ஒரு நாள் வசுமதியிடம் சொன்னாளாம்:

"எத்தன நாள் மோந்து பாத்தேன்க்கா. மூக்கு சொல்லிச்சு, எனக்குத்தான் விளங்கல. கடைக்காரன்ட்டல்லாம் போய்ச் சண்ட போட்டனே."

வசுமதி, மோந்து பார்த்ததால்தானே டாக்டருக்குத் தெரிந்தது என்றாள். அதற்குக் கோமதி கொஞ்சம் யோசித்துவிட்டு, அது வாஸ்தவந்தான் என்று ஒப்புக்கொண்டாள்.

விடை வந்த அன்று மேக்னா கல்லூரிக்குப் போகாமல் ஆஸ்பத்திரியிலேயே காத்திருந்து வாங்கிக்கொண்டு, கிடர்பூர் டிராமைவிட்டு இறங்கிய இடத்திலிருந்து ஓடியே வந்தாள். படியில் ஏறும்போதே "நெகட்டிவ், நெகட்டிவ்" என்று கத்திக்கொண்டு வந்தாள். கோமதிக்கு அது நல்ல வார்த்தையா கெட்ட வார்த்தையா என்று தெரியவில்லை. இல்லை என்றால் நல்லது இல்லையா, வியாதி இல்லையா என்று நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேக்னா அம்மாவைக் கட்டிக்கொண்டு வங்காளியில் என்னவோ சொல்லிச் சிரித்தாள். புற்று இல்லை. புகையிலையைத் தொடாமலிருந்தால் அந்த வெள்ளைத் தடம் மறையலாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலம் துரைசாமி வீட்டுக்கு வந்தபோது கதவு முழுக்கத் திறந்து கிடந்தது. பழக்க தோஷத்தில் அவர் வாசலில் நின்று ஊதினார். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. எல்லாரும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆடின இரண்டு பல்லையும் பிடுங்கினார்கள். ஈறைப் பல தடவை சுத்தம் செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் துரைசாமி கண் கலங்கி வந்து, நம்ம டிஸ்பென்சரி அம்மா கை மெத்தென்று இருக்கிறது, அந்தப் பல் டாக்டர் கைதான் கொறடு என்பார். ஆவணி முடிவதற்குள் அவர் சப்பாத்தியை இரண்டு பக்கமும் மென்றார். டாக் டீயை அறவே விட்டார். பாகற்காயைக் கோமதியே நிறுத்திவிட்டாள். எனக்கே பிடிக்காது, உங்களுக்காகத் தின்றேன் என்றாளாம்.

மெடிக்கலுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்த அன்று டாக் முழுக்க அதே பேச்சு. யூசுஃப் காலையில் எழுந்து தர்காவில் சர்க்கரைப் பொட்டலம் நேர்ந்துகொண்டான். சர்க்கரைக்குச் சர்க்கரையா என்று கேலி செய்தார்கள். விடை நன்றாகவே வந்தது. டாக்டர் சன்யால் சீட்டின் கீழே 'ஃபிட்' என்று எழுதி, முத்திரை குத்துவதற்கு முன்னால், ஒரு தடவை வாயைத் திற என்றாளாம். துரைசாமி கேட்பதற்கு முன்னாலேயே திறந்திருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் டாக்டரே எதிர்பார்க்காதது. வாயைத் திறந்தவனுக்கு ஏணி கிடைத்தது என்று கேள்விப்பட்டதும் கிரேன்காரர்கள் ஒவ்வொருவராக டிஸ்பென்சரிக்கு வந்தார்கள். கொதிப்பு என்றார்கள், முதுகுவலி என்றார்கள், உட்கார்ந்ததும் தாமாகவே வாயைத் திறந்துகொண்டார்கள். முதல் நாள் வந்தவர்கள் எல்லாரும் மரியாதைக்காகப் புதுசாக வெற்றிலை போட்டுச் சிவக்கச் சிவக்க வந்திருந்தார்கள். டார்ச் அடித்தும் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் குவளையும் வைத்துவிட்டாள்.

விஸ்வகர்மா பூஜை அன்று டாக்கில் வேலை கிடையாது. இயந்திரங்களுக்குத்தான் பூஜை. கிரேன் ஒவ்வொன்றுக்கும் வாழைக்கன்றும் சாமந்தி மாலையும் கட்டியிருந்தது. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் குடும்பங்களை உள்ளே விடுவார்கள். மழை விட்டு வானம் கழுவினாற்போல் இருந்தது. அந்தப் பூஜைக்கு ஊரே பட்டம் விடும்; மட்டியாபுருஜ் பக்கமிருந்து பட்டங்கள் ஏறிக்கொண்டிருந்தன. நான், வசுமதி, கோமதி, மேக்னா நாலு பேரும் கிச்சடிப் பிரசாதத்தை இலையில் வாங்கிக்கொண்டு துரைசாமியின் கிரேன் அடியில் நின்றோம். அவர் மேலே மாலை கட்டிக்கொண்டிருந்தார். அத்தனை வருஷமும் பூஜைக்கு அவர் மேலேயிருந்து கையை ஆட்டுவார், அவ்வளவுதான். இந்தத் தடவை ஜன்னலிலிருந்து முழுத் தலையும் வெளியே வந்தது.

"ஏட்டி கோமதி, மேல வாரியா?"

துறைமுகமே திரும்பிப் பார்த்தது. யூசுஃப் வாயைப் பிளந்தான். இத்தனை வருஷத்தில் துரைசாமி கிரேனிலிருந்து பேசி அவன் கேட்டதில்லை. அவனும் கைகளைக் குவித்துப் பதிலுக்கு ஹிந்தியில் கத்தினான், குரல் நன்றாக இருக்கிறது, கலப்படமில்லை என்று.

"நானா? சேலையோடயா?" என்றாள் கோமதி. ஆனால் பிரசாத இலையை வசுமதி கையில் கொடுத்துவிட்டாள். கொசுவத்தை இடுப்பில் செருகினாள். யூசுஃப் ஏணியடியில் நின்றவர்களை விரட்டிவிட்டு, திரும்பி நின்றுகொண்டான். மேக்னா பின்னாலேயே ஏறினாள். பாதியில் கோமதி நின்று கீழே பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று ஏறிவிட்டாள்.

மேலே என்ன நடந்தது என்பதை மேக்னா சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம். அந்தக் கூண்டில் மூன்று பேருக்கு இடமில்லை. துரைசாமி அவளைத் தன் ஆசனத்தில் உட்கார வைத்தார். முன்னால் கண்ணாடி முழுக்க ஹூக்ளி. அதன்மேல் புதுப் பாலம், படகுகள், கப்பல்களின் புகைக்குழாய், இந்தப் பக்கம் கிடர்பூரின் மொட்டைமாடிகள், அவற்றின்மேல் பையன்களும் பெண்களும், தலைக்குமேல் நூறு பட்டம். ஒன்று அறுந்து கண்ணாடியை உரசிக்கொண்டு போயிற்று. கோமதி கைப்பிடிகளைத் தொட்டுப் பார்த்தாள். அவை அவருடைய கை அளவுக்குத் தேய்ந்திருந்தன.

"இதவிட்டு இறங்கச் சொல்லிருவாவன்னுதான் வாய மூடிக்கிட்டு இருந்தீயளா?"

"ஆமா."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிருவியே."

கோமதி மறுபடி ஆற்றைப் பார்த்தாள்.

"நல்லவேளை சொல்லல" என்றாள். "இதப் பாத்துருந்தா நானும் சேந்துல்லா மறைச்சிருப்பேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அண்ணாந்து, வாய் முழுக்கத் திறந்து, கூண்டு அதிரச் சிரித்தாள். கீழே எங்களுக்குக்கூடக் கேட்டது. துரைசாமியும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று குனிந்தார்.

"ஏட்டி, இரு. அப்படியே இரு. வாய மூடாத."

"என்னத்துக்கு?"

"வெளிச்சத்துப் பக்கம் திரும்பு. அந்தக் கடவாப்பல்லுல கருப்பா ஓட்டை விழுந்துருக்கு. ஈறுங்கூட நல்லால்ல."

கோமதி டக்கென்று வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாயோடேயே, தனக்குச் சர்க்கரையும் இல்லை, கொதிப்பும் இல்லை, யாரும் தன்னை மெடிக்கலுக்குக் கூப்பிடவில்லை என்று முனகினாள்.

"காய்ச்சல்னு சொல்லிட்டுப் போ" என்றார் துரைசாமி. "மத்தத அந்தம்மா பாத்துக்கிடுவா."

இறங்கி வரும்போது உதட்டை இறுக்கிக்கொண்டே வந்தாள். மேலே எப்படியிருந்தது என்று வசுமதி கேட்டதற்கு, கையை விரித்து ஆற்றைக் காட்டினாள், விரலைச் சுழற்றிப் பட்டத்தைக் காட்டினாள், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. யூசுஃப், மேலே இருக்கிற ஆள் பேச ஆரம்பித்துவிட்டார், கீழே இருக்கிற அம்மா சிக்னலுக்கு வந்துவிட்டார், இனி என் வேலை போயிற்று என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மறுநாள் காலை மாத்திரை வாங்க நான் டிஸ்பென்சரிக்குப் போனேன். எனக்கு முன்னால் கோமதி நின்றிருந்தாள். வாளியில் மொண்டு மூன்று தடவை நன்றாகக் கொப்பளித்திருந்தாள், முந்தானை நனைந்திருந்தது. என்ன உடம்புக்கு என்று கம்பவுண்டர் கேட்டார். அவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, முழங்கால் வலி என்றாள்.